அம்மா பெயர் அண்ணன் ரேஷன் கார்டில் இருக்கிறது, காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

வடகரையான்:

வணக்கம், கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மூன்று வாரமாக நடந்தால் நெஞ்சு அடைக்கிறது. தெருமுனைக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறாள், கேட்டால் "வாயுப் பிடிப்புடா" என்கிறாள். போன வாரம் ஊருக்குப் போய் வலுக்கட்டாயமாகத் தென்காசிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு, ஆஞ்சியோ எடுக்கணும், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைக்கணும், எப்படியும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் வரும் என்றார்கள். அடுத்த கேள்வி, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?"

இல்லை. இங்கேதான் சிக்கல். அப்பா இருந்தபோது ஒரு அட்டை இருந்தது, அது எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பா 2016இல் தவறிவிட்டார், அதற்கு அடுத்த வருடம் ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது அம்மா பெயரை அண்ணன் கார்டில் சேர்த்துவிட்டோம். அண்ணன் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை, மாதம் 19,500. ஆனால் அம்மா அண்ணனோடு தங்குவது வருடத்தில் பாதி நாள்தான், மீதி நாள் ஊரில் எங்கள் பழைய வீட்டில். பீடிக் கம்பெனி பி.எஃப். பென்ஷன் ஆயிரம் ரூபாய் வருகிறது. இப்போதும் பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், வாரத்துக்கு எழுநூறு எண்ணூறு தேறும். நான் சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன், தவணை போக மிச்சம் என்ன என்று கேட்காதீர்கள்.

வருமான வரம்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்கிறார்கள். அது அம்மாவின் வருமானமா, அண்ணனோடு சேர்த்தா? சேர்த்து என்றால் வேறு என்ன வழி? எங்கே போய் எதைக் கொடுக்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரயிலடிராசா:

அம்மாவுக்கு என்ன வயது? 70 ஆகியிருந்தால் இந்த வருமானப் பிரச்சினையே இல்லை சகோ. மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு, 2024 அக்டோபர் 29 அன்று ஆரம்பித்தது. ஏழை, பணக்காரன் எதுவும் பார்ப்பதில்லை, ஆதார் ஒன்று போதும், வருடத்துக்கு 5 லட்சம். ஆயுஷ்மான் ஆப்பில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை.


வடகரையான்:

அம்மாவுக்கு 71 இருக்கும். தனுஷ்கோடி புயல் அடித்தபோது எனக்குப் பத்து வயது, கூரை பறந்தது ஞாபகம் இருக்கிறது என்று சொல்லுவாள். அது 1964 டிசம்பர், அப்படிப் பார்த்தால் 1954இல் பிறந்திருக்கணும். ஆனால் ஆதாரில் 1959 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள்! ஆதார் எடுத்த அன்றைக்கு யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. இதை மாற்ற முடியுமா?


இசேவைஅக்கா:

தம்பி, அந்த ஜனவரி 1 கதை உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் மையத்துக்கு வருகிற வயதானவர்களில் பாதிப் பேர் ஜனவரி 1இல்தான் பிறந்திருக்கிறார்கள். வய வந்தனாவில் வயதுக்கு ஆதார் மட்டுமே கணக்கு, புயல் கதையெல்லாம் செல்லாது. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள், அதற்கும் ஆவணம் வேண்டும். பள்ளிக்கூடம் போனாளா? பழைய சான்றிதழ் ஏதாவது இருந்தால் முயற்சி பண்ணுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இப்போதைக்கு அந்தக் கதவை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள், நெஞ்சு வலியை வைத்துக்கொண்டு ஆதார் மையத்தில் டோக்கன் போட்டு உட்கார வேண்டாம். வய வந்தனா கார்டு கையில் வந்த பிறகும் எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை என்று 14555 எண்ணில் கேட்டுக்கொண்டு போவதுதான் நல்லது. கார்டு அச்சடிப்பது வேறு, அதை வைத்து அட்மிஷன் போடுவது வேறு.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். முதலமைச்சர் திட்டம் தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து இருக்கும் அப்பா அம்மா. அதனால் வருமானமும் அந்தக் கார்டுக்குச் சேர்த்துத்தான். அண்ணன் சம்பளம் வருடத்துக்கு 2,34,000 ஆகிறது, 1,20,000 வரம்பை எங்கேயோ தாண்டிவிட்டது. முன்னால் வரம்பு 72,000 ஆக இருந்தது, ஏற்றியும் மாதம் பத்தாயிரம்தான், ஒரு வீட்டில் இரண்டு பேர் கூலிக்குப் போனாலே தாண்டிவிடும் என்பது வேறு விஷயம், அதை நாம் இங்கே புலம்பி என்ன செய்ய.

வழக்கமான முறை இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தில் இருக்கிறவர்களின் ஆதார், இதை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகணும். அங்கேயே போட்டோ எடுத்துப் பதிந்து ஒரு எண் கொடுப்பார்கள், அந்த எண் இருந்தால் அட்டை கையில் இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் பார்த்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது. வெளியே நின்றுகொண்டு ஐந்நூறு கொடு, முடித்துத் தருகிறேன் என்பவனிடம் ஏமாறாதீர்கள். அப்புறம் ஒன்று, உங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் பல பேர் பழக்க தோஷத்தில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளத்துக்குப் போய் நிற்கிறார்கள், 2019 நவம்பரிலேயே தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, ரேஷன் கார்டு தென்காசி முகவரி என்றால் தென்காசி கலெக்டர் அலுவலகம், அண்ணன் கார்டு திருநெல்வேலி முகவரி என்றால்தான் கொக்கிரகுளம்.

அப்பாவின் பழைய அட்டையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1800 425 3993 இலவச எண், பழைய ரேஷன் கார்டு நம்பர் சொன்னால் தேடிச் சொல்லுவார்கள். அதில் அம்மா பெயர் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் நம்பி உட்கார வேண்டாம்.


கடையநல்லூரான்:

இவ்வளவு சுற்றுவானேன்? தலையாரியைப் பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து வருமானம் 72,000 என்று எழுதி வாங்குங்கள். எங்கள் தெருவில் மாடி வீடு, கார் வைத்திருக்கிறவன் எல்லாம் அந்த அட்டையில்தான் ஆபரேஷன் பண்ணிக்கொண்டான்.


இசேவைஅக்கா:

அவன் பண்ணினான் என்பதற்காகவா? அண்ணனுக்கு பி.எஃப். எண் இருக்கிறது, சம்பளம் வங்கியில் ஏறுகிறது. நாளைக்கு யாராவது ஒரு மனு போட்டால் சான்றிதழ் கொடுத்தவரும் மாட்டுவார், வாங்கியவரும் மாட்டுவார். இந்தத் தம்பிக்கு அந்தத் தேவையே இல்லை, அம்மா நிஜமாகவே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள் என்றால் அண்ணன் கார்டில் பெயரை நீக்கி, அவள் ஒருத்திக்கே தனி ரேஷன் கார்டு கேட்கலாம், ஒரு ஆள் கார்டு உண்டு. அதற்கு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்ப்பார்கள். பாதி நாள் அண்ணன் வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. அவர்கள் வருகிற நாளில் வீடு பூட்டியிருந்தால் மனு தள்ளுபடி. நேர்மையாகச் சொன்னால் இது சில மாத வேலை, இப்போதைய ஆஞ்சியோவுக்கு உதவாது.


ஓய்வுபெற்றஎழுத்தர்:

எல்லோரும் ரேஷன் கார்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி, அண்ணன் சம்பளம் 19,500 என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சம்பளச் சீட்டை ஒரு தரம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள், பிடித்தம் பகுதியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று இருக்கிறதா? 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால் இ.எஸ்.ஐ. பிடித்தாகணும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பெரிய ஜவுளிக் கடை என்கிறீர்கள், பிடிக்காமல் இருக்க மாட்டார்கள்.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், இ.எஸ்.ஐ.யில் மனைவி மக்களோடு சேர்த்து, சார்ந்து வாழும் தாய் தகப்பனுக்கும் மருத்துவம் உண்டு. பெற்றோருக்கு எல்லா வகையிலும் சேர்த்து மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்குப் பென்ஷன் ஆயிரம், பீடி மூவாயிரம் சொச்சம். தாராளமாகத் தகுதி. வயது 66 ஆக இருந்தால் என்ன, 71 ஆக இருந்தால் என்ன, அது இங்கே பிரச்சினையே இல்லை.

முப்பது வருடம் ஒரு மில்லில் இந்த வேலையைத்தான் பார்த்தேன், சேரும் நாளில் படிவத்தில் பெண்டாட்டி பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவான், அப்பா அம்மா பெயரை எழுத மாட்டான். பத்து வருடம் கழித்து ஒரு நாள் காலையில் வந்து அழுதுகொண்டு நிற்பான்.


வடகரையான்:

ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அண்ணன் சீட்டு அனுப்பினான். இ.எஸ்.ஐ. என்று போட்டு 147 ரூபாய் இருக்கிறது. மாதா மாதம் 147 ரூபாய் போகிறது, அது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை, "ஏதோ பி.எஃப். மாதிரி" என்கிறான். நாலு வருடமாகப் பிடிக்கிறார்கள். குடும்பத்தில் அண்ணி, பையன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவை இப்போது சேர்க்க முடியுமா? சேர்த்த உடனே ஆஞ்சியோ எடுப்பார்களா?


ஓய்வுபெற்றஎழுத்தர்:

சேர்க்கலாம். கடையில் இ.எஸ்.ஐ. வேலை பார்க்கும் ஆளிடம் சொன்னால் இணையதளத்தில் குடும்ப விவரத்தில் அம்மாவைச் சேர்ப்பார்கள், ஆதாரும் போட்டோவும் கொடுக்கணும். இழுத்தடித்தால் அண்ணனே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகட்டும், அட்டை இருப்பது அவர் பெயரில்தான். அப்புறம் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையில் இருக்கிறது. ஆஞ்சியோ, ஸ்டென்ட் மாதிரி அங்கே செய்யாத சிகிச்சைக்கு, ஒப்பந்தத்தில் இருக்கிற மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் நீங்களாகத் தனியாரில் போய்ச் சேர்ந்துவிட்டுப் பில்லை நீட்டினால் பணம் வாங்குவது பெரும்பாடு. இந்த மாதிரிப் பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும் என்று ஒரு கணக்கு உண்டு, நாலு வருடம் விடாமல் கட்டியிருக்கிறாரே, கவலை வேண்டாம்.


நர்ஸ்மைனி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும், நான் இருதய வார்டில் வேலை பார்க்கிறவள். எல்லோரும் கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அந்தக் குடம்தான் கண்ணில் நிற்கிறது. மூன்று வாரமாகப் புதிதாக ஆரம்பித்திருக்கிறது, நடந்தால் வருகிறது, நின்றால் விடுகிறது. இது வாயு இல்லை கொழுந்தா. பேர் சேர்க்கிற வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், நாளைக் காலையிலேயே திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவமனையில் உள்ளே படுக்க எந்த அட்டையும் தேவையில்லை, அட்டை இருந்தால் ஸ்டென்ட் போன்ற பொருளுக்குக் காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்கு வரும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, இடது கையோ தாடையோ இழுத்தாலோ யோசிக்காமல் 108. தண்ணீர்க் குடத்தை இன்றைக்கே அம்மா கையிலிருந்து வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் யாராவது பிடித்துக் கொடுப்பார்கள்.

தென்காசியில் எடுத்த ஈசிஜி, எக்கோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறதா? அந்த மாத்திரை அட்டையையும் அப்படியே பையில் போடுங்கள், "வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று" என்று சொன்னால் எங்களுக்கு என்ன விளங்கும்.


ரயிலடிராசா:

நான் தான் முதலில் வய வந்தனா என்று அவசரப்பட்டேன், தப்பில்லை. ஆனால் இ.எஸ்.ஐ. இருப்பவர்களும் 70 ஆனால் அந்தக் கார்டை வாங்கலாம், மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தார் மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள்தான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். ஆதாரில் 70 ஆகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.


தாழையூத்து:

காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு அனுபவம் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும். போன வருடம் மாமியாருக்கு முதலமைச்சர் அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். அனுமதி வருவதற்கு முன்னால் எடுத்த டெஸ்ட் என்று சொல்லி 14,000 கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன், ரசீது கேட்டேன், "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த தாளில் அந்தப் பணமே இல்லை. அட்டையில் அனுமதித்தால் அந்தச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது, எந்தத் தொகைக்கு எது என்று பேக்கேஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். மனைவி விடவில்லை, அதே 1800 எண்ணில் புகார் சொன்னாள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்தாள். மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, பணத்தை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பணம் கட்டினால் அந்த இடத்திலேயே ரசீது வாங்குங்கள். நாங்கள் ஜிபேயில் அனுப்பியதால் தப்பித்தோம், கையில் கொடுத்திருந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று, முதலமைச்சர் அட்டையின் 5 லட்சமும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கு. வெறும் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வர, மாத்திரை வாங்க அந்த அட்டை உதவாது, பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்கிற சிகிச்சைதான். சில ஆபரேஷன்களை அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் தனியார் "இதற்கு முடியாது" என்றால் எல்லா நேரமும் பொய் சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.


கடையநல்லூரான்:

சரி, தலையாரி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறவர் என்றால் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்குமே? முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. இருதயத்துக்கு இல்லை, சாதாரண வைத்தியத்துக்குச் சொல்கிறேன், எங்கள் பாட்டி அங்கேதான் போவாள்.


வடகரையான்:

எல்லோருக்கும் நன்றி, ஐந்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். மைனி சொன்னபடி மறுநாளே ஐகிரவுண்டு கூட்டிப்போனோம், அண்ணன் லீவு போட்டு வந்தான். உள்ளே சேர்த்துவிட்டார்கள், ஆஞ்சியோவில் ஒரு குழாயில் அடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், ஸ்டென்ட் வைக்கணும். இதற்கிடையில் கடையில் அம்மா பெயரைச் சேர்க்கும் வேலையும் ஆரம்பித்தாயிற்று. ஆதாருக்கு விரல் வைக்கச் சொன்னார்கள், பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் எடுக்கவில்லை. ஐம்பது வருடம் இலை சுருட்டி ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. அம்மா மெஷினைப் பார்த்து, "எனக்குத்தான் கையே இல்லையாம்ல" என்று சிரிக்கிறாள். இதற்கு என்ன செய்வது? ஆதாரில் இருப்பது அப்பாவுடைய பழைய நம்பர், அதனால் ஓடிபியும் வராது.


இசேவைஅக்கா:

கண் கருவிழி வைத்துப் பார்க்கிற மெஷின் இருக்கிற மையத்துக்குக் கூட்டிப்போங்கள், விரல் போனவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். அதே இடத்தில் மொபைல் நம்பரையும் மாற்றிவிடுங்கள், உங்கள் நம்பர் வேண்டாம், நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், அண்ணன் நம்பர் போடுங்கள். முக்கியமாக, இ.எஸ்.ஐ.யில் அம்மா பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுத்து மாறாமல் அடிக்கச் சொல்லுங்கள், அப்பா பெயர் முழுதாக இருந்தால் முழுதாக, ஒற்றை எழுத்து என்றால் ஒற்றை எழுத்து.


வடகரையான்:

ஆதாரில் ஒற்றை எழுத்து, ரேஷன் கார்டில் முழுப் பெயர். ஆதார்ப்படியே போடச் சொல்லிவிட்டேன் அக்கா. ஸ்டென்ட் வெள்ளிக்கிழமை.